அபெனாக்கியருக்கு அடித்த கல்வெட்டு

செத்தவருக்குச் செய்யும் அந்தியேட்டியை ஒரு முழு இனத்துக்கே செய்யலாம் என்று முதலில் சொன்ன வாய் நாகலிங்கம் மாஸ்ரருடையது, என்னுடையதல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு மருதனார்மடம் முழுக்க என் பெயரையும் சேர்த்து இழுத்துத்தான் கதைத்தார்கள்.

அது தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, சண்டைக் காலம். கரண்ட் இல்லை, பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, வெள்ளைத்தாள் இல்லை. பள்ளிக்கூடம் மட்டும் இருந்தது. குண்டு போடும் பொம்பர் வந்தால் பங்கருக்குள், போனால் வகுப்புக்குள். சமூகக்கல்விப் புத்தகத்தில் அமெரிக்கப் பழங்குடிகளைப் பற்றி அரைப் பக்கம் கிடந்தது. தலையில் இறகு, கையில் கோடரி, 'செவ்விந்தியர்' என்று ஒரு பெயர், முடிந்தது கதை. இதை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு என்ன மண்ணாங்கட்டியைப் படிப்பிக்கிறது என்று நான் ஒருநாள் ஆசிரியர் அறையில் கத்தினேன்.

"கத்தாமல் ஒரு நல்ல புத்தகம் தேடுவம், ரீச்சர். முதல் நாங்கள் படிப்பம்" என்றார் பெர்னடெட் ரீச்சர்.

பெர்னடெட் குருநகர்க்காரி, வள்ளத்தோடு வாழும் கடற்கரைச் சனம். இடம்பெயர்ந்து வந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார். அவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் மொன்றியலில் பாதிரியார். அவர் அனுப்பிய புத்தகம் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து கிளாலிக் கடலால் வள்ளத்தில் வந்து சேர்ந்தது. அபெனாக்கி என்ற ஓர் இனத்தின் வரலாறு, தடித்த ஆங்கிலப் புத்தகம். அமெரிக்காவின் வடகிழக்கிலும் அதை ஒட்டிய கனடாவிலும் வாழ்ந்த மக்கள். ஏன் இந்த இனம், வேறு இனம் இல்லையா என்று என்னைக் கேட்காதீர்கள். கிடைத்தது அதுதான். ஆனால் வள்ளத்துக்குள் தண்ணீர் ஏறிப் புத்தகத்தின் பின்பாதி ஊறிப்போயிருந்தது. காய்ந்தபோது செங்கல் மாதிரி இறுகிவிட்டது. கத்தி விட்டுப் பிரித்தால் தூளாக உதிர்ந்தது.

சனிக்கிழமைகளில் பள்ளிக்கூட மண்டபத்தில் ஆசிரியர்கள் கூடினோம். சேர்ந்திருந்து வாசிக்க எங்களுக்குத் தெரிந்த முறை ஒன்றுதான், கோயிலில் புராணம் படிக்கும் முறை. ஒருவர் பாட்டைப் படிப்பார், மற்றவர் பயன் சொல்வார், அதாவது பொருளை விரித்துச் சொல்வார். நான் ஆங்கில ரீச்சர் என்பதால் படிப்பு என்னுடையது. பயன் நாகலிங்கம் மாஸ்ரருடையது. கோயிலில் கந்தபுராணத்துக்குப் பயன் சொல்லிச் சொல்லியே பழுத்த குரல். அதோடு மனிசனுக்குக் கல்வெட்டு எழுதும் கைவேலையும் இருந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அவருடைய வரலாறு, வம்சம், புலம்பல் பாட்டு எல்லாவற்றையும் சின்னப் புத்தகமாக அடித்துக் கொடுப்போம். அதுதான் கல்வெட்டு. வலிகாமத்தில் பாதிப் பிணங்கள் நாகலிங்கம் மாஸ்ரரின் பாட்டோடுதான் கரையேறின.

சும்மா சொல்லக்கூடாது, மனிசன் பயன் சொன்னால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். அபெனாக்கி என்றால் விடியல் மண்ணின் மக்கள் என்று நான் படித்ததும், அவர் கிழக்கே கையை நீட்டி ஒரு சூரியனையே உதிக்கப் பண்ணினார். மரப்பட்டையால் வள்ளம் கட்டுவார்கள் என்றதும் பெர்னடெட் துள்ளி எழும்பி, "பட்டையாலையோ? எங்கடை ஆக்கள் கேட்டால் சிரிப்பினம்" என்றார். சோளம் நட்டு, அதன் தண்டில் அவரையைப் படரவிட்டு, நிலத்தில் பூசணியை ஓடவிடுவார்கள் என்று ஒரு வரி வந்தது. மாஸ்ரர் அதற்குள் அச்சுவேலித் தோட்டத்தையும் தண்ணீர் இறைக்கும் துலாவையும் கொண்டுவந்து நட்டுவிட்டார்.

"மாஸ்ரர், துலா புத்தகத்திலை இல்லை."

"பயன் எண்டால் விரிக்கத்தானே வேணும், ரீச்சர்?"

"விரியுங்கோ. இல்லாததை நடாதேங்கோ."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பெல்லாம் தலைத்தோல் அத்தியாயம் வரும்வரைக்கும்தான். வந்தேறிய வெள்ளைக்காரரின் அரசாங்கம் அபெனாக்கியரைக் கொன்று உரித்த தலைத்தோலுக்கு விலை வைத்து அறிவித்தல் போட்டிருக்கிறது. ஆணுக்கு ஒரு விலை, பெண்ணுக்கு ஒரு விலை, பிள்ளைக்கு ஒரு விலை. அந்த வரிக்கு நாகலிங்கம் மாஸ்ரர் பயனே சொல்லவில்லை. நாங்கள் சாவைக் காணாத ஆட்களில்லை. ஆனால் பிள்ளையின் தோலுக்கு அரசாங்கம் விலைப்பட்டியல் போடும் என்று அதுவரை எங்கள் புத்திக்கு எட்டவில்லை.

வீட்டில் எனக்கு வேறொரு போர். என் புருஷன் கனகேந்திரன் தொண்ணூறாம் ஆண்டு கொழும்புக்கென்று பஸ் ஏறியவர். வவுனியாவுக்கு அங்காலே பஸ்ஸை மறித்துச் சிலரை இறக்கினார்களாம், அதில் அவரும் ஒருவர் என்று கூடப் போனவர் வந்து சொன்னார். அதற்குப் பிறகு ஒரு சொல் இல்லை. தேடாத இடமில்லை. மாமி நல்லம்மா, அவரைப் பெற்ற தாய், முதல் வருஷம் என்னோடு சேர்ந்து அழுதார். இரண்டாம் வருஷம் சாத்திரியாரிடம் போனார். மூன்றாம் வருஷம் என் நெற்றியைப் பார்த்துக் கதைக்கத் தொடங்கினார்.

"அவன்ரை ஆத்துமா அலையுது, பிள்ளை. எனக்குக் கனவிலை தண்ணி கேக்கிறான். அந்தியேட்டியைச் செய்வம். நீயும் பொட்டை அழிச்சுப்போட்டு இரு. சனம் கதைக்குது."

"சனத்தின்ரை வாயை நான் தைக்கேலாது, மாமி. செத்ததை ஆர் கண்டது? கண்ட ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, பிறகு அழிக்கிறன்."

"உனக்குப் புருஷன். எனக்குப் பிள்ளை. எனக்கு நோகாதோ?"

கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போய் உலை வைப்பேன். எனக்கு வந்ததெல்லாம் கோபம்தான். கோபம் இருக்கும்வரை அவர் இருக்கிறார் என்று ஒரு நினைப்பு எனக்கு.

புத்தகத்தில் படிக்கக்கூடிய கடைசிப் பக்கமும் வந்தது. ஆற்றங்கரையில் அபெனாக்கியரின் பெரிய கிராமம். அவர்கள் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தவர்கள், நடுவே ஒரு மரக்கோயில். விடியமுன் படை வந்து சூழ்கிறது. கோயிலை எரிக்கிறார்கள், வீடுகளை எரிக்கிறார்கள், வீட்டுக்குள் இருந்தவர்களை வெளியே வரவிடாமல் எரிக்கிறார்கள். அந்தப் படையின் தலைவன் திரும்பிப் போய், ஊரோடு அழித்துவிட்டேன் என்று எழுதிக்கொடுக்கிறான். அவ்வளவுதான். அடுத்த பக்கம் செங்கல். பெர்னடெட் சிலுவை போட்டுக்கொண்டு விம்மினார். கோயிலோடு எரிந்த சனம் என்றதும் அவருக்கு யாருடைய முகமெல்லாம் வந்ததோ, நான் கேட்கவில்லை.

நாகலிங்கம் மாஸ்ரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். "இதிலை நிப்பாட்டப்படாது. சாவோடை படிப்பை நிப்பாட்டினால் படிச்சவைக்கும் கேட்டவைக்கும் கூடாது. மங்களமாய் ஒரு வரி படிச்சுத்தான் புத்தகம் மூட வேணும்."

"எங்கை படிக்கிறது? உந்தக் கல்லையோ?" என்றேன்.

"அப்ப கடமையைச் செய்து முடிப்பம். அதுகளுக்குக் கொள்ளி வைக்க ஆள் இல்லாமல் போச்சுது. ஒரு அந்தியேட்டி. நான் கல்வெட்டுப் பாடுறன். மற்றப் பள்ளிக்கூட ரீச்சர்மாரையும் கூப்பிட்டு ஆளுக்கொண்டு குடுப்பம். அவையும் வாசிச்சு அறிவினம், பிள்ளையளுக்கும் சொல்லுவினம்."

மற்றவர்கள் எல்லாரும் நல்ல யோசனை என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"விசரோ உங்களுக்கு? மிச்சப் பாதியைப் படிக்காமல் செத்துப்போச்சினம் எண்டு எப்பிடிச் சொல்லுவியள்? அழிச்சவன் அழிச்சன் எண்டு எழுதினால் அது சரியோ? மிச்சப் பக்கத்திலை என்ன இருக்கெண்டு ஆருக்குத் தெரியும்?"

ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, பொட்டைத்தான் பார்த்தார்கள். மாஸ்ரர் மெல்ல, "ரீச்சர், உம்மடை மனவருத்தம் எங்களுக்கு விளங்குது" என்றார். கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நான் அபெனாக்கியரைப் பற்றிக் கதைக்கிறேன், இவர்கள் காதில் கனகேந்திரன்தான் விழுகிறார். அல்லது நானே அவரைத்தான் கதைத்தேனோ என்னவோ.

அன்று ஏதோ ஒன்று எனக்குள் உடைந்தது. ஒரு முழுச் சனமே, கோயிலும் வள்ளமும் சோளமுமாய் இருந்த சனமே இல்லாமல் போகலாமென்றால், பஸ்ஸிலிருந்து இறக்கிய ஒரு மனிசன் எந்த மூலைக்கு? வீட்டுக்குப் போய், "சரி மாமி, செய்யுங்கோ" என்று சொன்னேன். மாமி என்னைக் கட்டிப் பிடித்து அழுதார். எனக்குக் கண்ணீரே வரவில்லை. வெள்ளிக்கிழமை அந்தியேட்டி என்று நாள் குறித்தார்கள். வழக்கமாய் அந்தியேட்டி செய்யும் கீரிமலை ஆமியின் பக்கம் போய்விட்டதால் வேறு கடற்கரை பார்த்தார்கள். அவருடைய கல்வெட்டையும் நாகலிங்கம் மாஸ்ரரே எழுதினார். இரண்டு கல்வெட்டும் சந்தியில் ஏரம்பு அண்ணையின் அச்சகத்துக்கு ஒன்றாகத்தான் போயின. தாள் இல்லை, இரண்டையும் கோடு போட்ட கொப்பித்தாளில்தான் அடித்தார்.

அபெனாக்கியரின் முறை முந்திய சனிக்கிழமை வந்தது. மண்டபத்தில் குத்துவிளக்கு. புத்தகத்திலிருந்து பார்த்து வரைந்த மரப்பட்டை வள்ளப் படத்துக்கு மாலை. வாழையிலையில் அவித்த சோளம், பூசணி, அவரை படைத்திருந்தார்கள். ஐந்தாறு பள்ளிக்கூடங்களிலிருந்து ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். கல்வெட்டுக் கட்டைக் கொண்டுவந்த ஏரம்பு அண்ணையும் ஓரமாக இருந்தார். மாஸ்ரரின் பாட்டு என்றால் விடாத மாமியும் வந்து முன்வரிசையில் இருந்தார்.

பெர்னடெட் ஒரு வெள்ளைக்காரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். வெளிநாட்டு வைத்தியக் குழுவோடு வந்த நர்ஸ், பெயர் தெரேஸ். மாதா கோயிலில் கண்டு பழக்கமாம். கனடாக்காரி, வந்தால் எங்களுக்குப் பெருமை என்று பெர்னடெட்டுக்கு ஒரு புளுகமும் பூரிப்பும். கபிலத் தலைமயிர், வெயிலில் சிவந்த மூக்கு, காலில் றப்பர்ச் செருப்பு. என் பக்கத்தில் இருத்தினார்கள், நான் மொழிபெயர்க்க வேண்டுமென்று.

மாஸ்ரர் கல்வெட்டைப் பிரித்து ராகம் எடுத்தார்.

"விடியல் மண்ணில் வாழ்ந்திருந்த வீரர் குலமே, எங்கள்
விழிகள் சோர விட்டகன்று போன தெங்கேயோ?"

பின்னால் மூக்கு உறிஞ்சும் சத்தம். தெரேஸ் வள்ளப் படத்தையும் இலையையும் மாறிமாறிப் பார்த்தார். "யாருக்குச் செய்கிறீர்கள்?" என்று என் காதுக்குள் ஆங்கிலத்தில் கேட்டார். அபெனாக்கி என்று ஓர் இனம், அழிந்துவிட்டது, அவர்களுக்கு அழ ஆளில்லை, அதனால் நாங்கள் அழுகிறோம் என்றேன்.

அவருடைய முகத்தில் இருந்த சிவப்பெல்லாம் வடிந்துவிட்டது. பிறகு இரண்டே சொல் சொன்னார்.

நான் மொழிபெயர்க்கவில்லை. மாஸ்ரர் பாட்டை நிறுத்தி, "என்னவாம் ரீச்சர்?" என்றார்.

"தான் அபெனாக்கியாம்."

ஒரு குண்டு விழுந்திருந்தால்கூட நாங்கள் அப்படி விறைத்திருக்கமாட்டோம். குண்டுக்குக் குப்புறப் படுக்கவாவது தெரியும். மாஸ்ரரின் கையிலிருந்த கல்வெட்டு இலைக்குள் விழுந்தது. பெர்னடெட், "யேசுவே!" என்றபடி கதிரையைப் பிடித்தார். மாமி எழும்பி நின்று, "அப்ப உவ ஆர்? உயிரோடைதானே நிக்கிறா?" என்று எல்லாருக்கும் கேட்கக் கேட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் முட்டின. செத்த வீட்டுக்குச் செத்தவரையே கூப்பிட்டு இருத்திப் படையலும் காட்டியிருக்கிறோம், ஐயோ கடவுளே.

தெரேஸ் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். இலையில் விழுந்த கல்வெட்டை எடுத்து, ஈரத்தைத் துடைத்து, மடியில் வைத்துக்கொண்டு கதைத்தார். நான் படிப்பும் பயனுமாய் இரண்டையும் ஒருத்தியாய்ச் சொன்னேன்.

அந்தக் கிராமம் இன்றைக்கும் இருக்கிறது. தெரேஸின் அம்மா அங்கேதான் கூடை பின்னிக்கொண்டிருக்கிறார். படை வந்த கதை அவர்கள் வீட்டில் வேறுமாதிரி. முதல்நாள் பொழுதுபட எல்லாரும் ஆடிக்கொண்டிருந்தபோது, தெரியாத ஒருவன் வந்து, நாளைக்கு உங்களை அழிக்க வருகிறார்கள், ஓடி ஒளியுங்கள் என்றானாம். நம்பினவர்கள் காட்டுக்குள் ஒளித்தார்கள். நம்பாதவர்கள் செத்தார்கள். ஊரோடு அழித்தேன் என்று எழுதியவன் ஒளித்தவர்களைக் காணவில்லை.

"அப்ப ஏன் உங்களை ஒருத்தருக்கும் தெரியாமல் போச்சு?" என்று மாஸ்ரர் கேட்டார். குரலில் இருந்த ராகமெல்லாம் போய்விட்டிருந்தது.

தெரேஸின் பெரிய மாமி எல்லைக்கு அங்காலே அமெரிக்காவில் இருந்தவராம். கேட்டவர்களுக்கெல்லாம் தான் பிரெஞ்சுக்காரி என்றே சொன்னாராம். வீட்டுக்குள்ளும் தங்கள் பாஷை பேசவிடமாட்டாராம். எந்தக் குடும்பம் மட்டமான குடும்பம், யாரைப் பிள்ளை பெறவிடக்கூடாது என்று அங்கே ஆராய்ந்த காலம் அது. ஆராய வந்தவர்கள் அயலவரைக் கேட்டார்கள், அதிகாரிகளைக் கேட்டார்கள். அதோடு, என்று அவர் நிறுத்தி எங்களைச் சுற்றிப் பார்த்துச் சொன்னார், பள்ளிக்கூட ஆசிரியர்களையும் கேட்டார்கள்.

நான் அதைத் தமிழில் சொன்னபோது மண்டபத்தில் இருந்த அத்தனை ஆசிரியர்களும் தலை குனிந்தார்கள். தலைத்தோல் அத்தியாயத்துக்குக்கூட யாரும் அப்படிக் குனியவில்லை. அது யாரோ வெள்ளைக்காரன் செய்தது, இது எங்கள் தொழில். எந்தப் பிள்ளை எந்தத் தெரு, எந்தச் சாதி, எந்த வீட்டில் யார் இல்லை என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாதா என்ன?

மாமி இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். "கேள் பிள்ளை. ஒளிச்சவை வந்தவை, சரி. பிடிச்சுக்கொண்டு போன ஆக்களும் இருப்பினம்தானே? அவை வந்தவையோ எண்டு கேள்."

கேட்டேன். தெரேஸ் என்னைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார், ஏதோ விளங்கிவிட்டது. மெல்லச் சொன்னார். சிலர் வந்தார்கள். பலர் வரவில்லை. தங்கள் குடும்பத்திலும் அப்படிப் போனவர்கள் உண்டு. எங்கே, எப்படி என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. அதைக் கேட்டால் அம்மா ஒன்றுதான் சொல்வாராம்: தெரியாததைத் தெரியாது என்று சொல்.

நான் திரும்பினேன். நாகலிங்கம் மாஸ்ரர் என் கையைத் தொட்டு, "ரீச்சர், பார்த்து விரிச்சுச் சொல்லும். பெத்த மனம்" என்று கிசுகிசுத்தார். எல்லாரும் வந்தவை என்று சொல்ல என் வாய் உன்னியது. அந்த ஒரு சொல்லைச் சொன்னால் வெள்ளிக்கிழமை இல்லை, கடற்கரை இல்லை, பொட்டும் இருக்கும், மாமியும் சிரிப்பார். தெரேஸுக்குத் தமிழ் தெரியாது. யார் கண்டது?

"கொஞ்சப் பேர் வந்தவையாம், மாமி. கனபேர் வரேல்லையாம். என்ன நடந்ததெண்டு இண்டைக்கும் தெரியாதாம். தெரியாததைத் தெரியாதெண்டு சொல்லச் சொல்லி அவவின்ரை அம்மா சொல்லுவாவாம்."

நான் மண்ணாய்ப் போனேன், இனி வெள்ளிக்கிழமைதான் என்று நினைத்தேன். மாமி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஏரம்பு அண்ணையிடம் போனார்.

"ஏரம்பு, என்ரை மகன்ரை கல்வெட்டு அடிச்சாச்சோ?"

"அடிச்சாச்சு ஆச்சி. தைக்கிறதுதான் மிச்சம். வெள்ளிக்கு முன்னம் தந்திடுவன்."

"வெள்ளி இல்லை. ஒண்டும் இல்லை. அதைத் தைக்காமல் அப்பிடியே கட்டி எங்கடை வீட்டை கொண்டுவந்து தா."

எனக்குத் தூக்கி வாரிப்போட்டது. ஒரு வருஷமாய் என் நெற்றியோடு சண்டை பிடித்த மனுசி. "மாமி, என்ன சொல்லுறியள்?" என்றேன்.

"எனக்குத் தெரியாது, பிள்ளை. அவன் இருக்கிறானோ இல்லையோ எனக்குத் தெரியாது. தெரியாமல் நான் எப்பிடிப் பெத்த பிள்ளைக்குக் கடன் கழிக்கிறது?" குரல் அங்கேதான் உடைந்தது. "வந்தானெண்டால் தானே எடுத்து வாசிக்கட்டும். வாசிச்சுப்போட்டு, உயிரோடை இருக்கிறவனுக்கு அடிச்சனீங்களோ எண்டு என்னை நல்லா ஏசட்டும்."

"வராட்டி, ஆச்சி?" என்று ஏரம்பு அண்ணை கேட்டுவிட்டார். கேட்டபின் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மாமி என்னைக் காட்டினார். "வராட்டி நான் போனாப்பிறகும் இவள் தெரியாதெண்டு சொல்லிக்கொண்டு இருக்க வேணும். ஏலுமோ எண்டு அவளைக் கேள்."

ஏரம்பு அண்ணை என்னைப் பார்த்தார். அதுவரை வராத கண்ணீர் அப்போதுதான் வந்தது.

"ஓம்" என்றேன்.